பேராசிரியர் கையெழுத்துப் போட்டால் போதுமா?

கேள்வி: ஓசூரில் விமான உதிரிபாகங்கள் செய்யும் சிறிய நிறுவனம் நடத்துகிறேன். பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் நானோ துகள் கலந்த கார்பன் இழைக் கம்பாசிட் (இழையையும் ரெசின் பிசினையும் சேர்த்து இறுக வைத்த பொருள்) ஒன்றை உருவாக்கியிருக்கிறார். 5 லட்சம் முன்பணம் கொடுத்தால் எனக்கே உரிமையை எழுதித் தருவதாகச் சொல்கிறார். இடையில் ஒரு ஆலோசகர், "காப்புரிமை, சான்றிதழ், மானியம் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், கம்பெனியில் 10 சதவீதப் பங்கு கொடுங்கள்" என்கிறார். நம்பலாமா?

பதில்: இப்போதைக்குப் பணத்தை வெளியே எடுக்காதீர்கள். பேராசிரியரை மோசக்காரர் என்று சொல்ல வரவில்லை. அவர் விற்கும் பொருள் அவருடையதுதானா என்பதுதான் கேள்வி. பல்கலைக்கழகச் சம்பளத்தில், பல்கலைக்கழக லேபில், பெரும்பாலும் ஏதோ ஓர் அரசுத் துறையின் ஆராய்ச்சி நிதியில் பிறந்த பொருள் இது. பணி விதிகளும் நிதி ஒப்பந்தமும் உரிமை யாருக்கு என்று முன்பே எழுதி வைத்திருக்கும்.

காப்புரிமை விண்ணப்ப நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் கண்டுபிடித்தவர் பெயரைப் பார்க்காமல் விண்ணப்பதாரர் பெயரைப் பாருங்கள். உரிமை அந்தப் பெயருக்குத்தான். விண்ணப்பதாரர்கள் இரண்டு பேர் என்றால், ஒருவர் மட்டும் உங்களுக்கு உரிமம் தர முடியாது; காப்புரிமைச் சட்டத்தின் 50ஆம் பிரிவு மற்றவரின் சம்மதத்தையும் கேட்கிறது. வாய்மொழிக்கு மதிப்பு இல்லை, எழுத்தில் இருக்க வேண்டும். ஆகவே ஒப்பந்தம் பல்கலைக்கழகத்தோடு, பதிவாளர் கையெழுத்தோடு. அந்தக் கோப்பு எத்தனை மேசை ஏறி இறங்கும் என்று கேட்காதீர்கள். கம்பாசிட் இறுகச் சில மணி நேரம் போதும், நம் அலுவலகங்களில் ஒரு கையெழுத்து இறங்க ஒரு கல்வியாண்டு போய்விடுகிறது.

அடுத்தது நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் பள்ளம். விண்ணப்பம் போடும் முன்பே ஆய்வுக் கட்டுரை வெளியாகிவிட்டதா? மாணவரின் பிஎச்டி ஆய்வேடு, யாரும் படிக்கக்கூடிய ஷோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் ஏறிவிட்டதா? ஏறியிருந்தால் பொருளின் புதுமை போயிற்று. அப்புறம் காப்புரிமை கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் எதிராளி அதே ஆய்வேட்டைக் காட்டி உடைத்துவிடுவார். "12 மாதச் சலுகை இருக்கிறதே சார்" என்பார்கள். இருக்கிறது, 31ஆம் பிரிவில். ஆனால் அது எதற்கு? மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சியில் வைத்திருந்தாலோ, கண்டுபிடித்தவரே ஓர் அறிஞர் கழகத்தின் முன் கட்டுரை வாசித்திருந்தாலோ, அந்தக் கழகத்தின் வெளியீட்டில் அவர் சம்மதத்தோடு அது வந்திருந்தாலோதான் பொருந்தும். கல்லூரி ஆண்டு விழா ஸ்டால் அரசு அறிவித்த கண்காட்சி ஆகாது. காசு வாங்கிக்கொண்டு கட்டுரை போடும் இணையப் பத்திரிகையை அறிஞர் கழகம் என்று வாதாடிப் பாருங்கள், வக்கீல் செலவுதான் மிஞ்சும். அமெரிக்காவில் கண்டுபிடித்தவர் தானே வெளியிட்டதற்கு ஓராண்டு தாராளமான அவகாசம் உண்டு. அதைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைக்கும் பேராசிரியர்கள் பலர்.

சரி, ஆலோசகர். கல்வி நிறுவனத்துக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் காப்புரிமை விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். என்னிடம் வந்த ஒருவரிடம் "அரசுக் கட்டணம்" என்றே அறுபதாயிரம் வாங்கியிருந்தார்கள். விண்ணப்பத்தை எழுதித் தரும் ஏஜென்டுக்கு நியாயமான கூலி உண்டு, அது வேறு. அதற்குத் தனி ரசீது கேளுங்கள். பாதுகாப்பு அமைச்சகத்தின் புத்தாக்கத் திட்டமான ஐடெக்ஸ் (iDEX) மானியத்துக்கு நீங்களே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அதில் உங்கள் கைப்பணத்தையும் போட வேண்டும் என்பதை இந்த ஆலோசகர்கள் கடைசி நாள்வரை சொல்ல மாட்டார்கள்.

சான்றிதழ் "வாங்கித் தருகிறேன்" என்பதுதான் பெரிய பொய். சான்று தருவது ராணுவ விமானத்துக்கு பெங்களூரில் உள்ள அரசு அமைப்பான செமிலாக் (CEMILAC), பயணிகள் விமானத்துக்கு விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏ (DGCA). இரண்டு இடத்திலும் கேட்பது சோதனைத் தரவு. கட்டுரையில் உள்ள வலிமை எண் லேபில் செய்த நாலைந்து துண்டுகளின் சராசரி. விமானத் துறை கேட்பதோ, 100 துண்டில் 90 துண்டாவது தாங்கும் என்று 95 சதவீத உறுதியோடு சொல்லக்கூடிய எண். அதற்கு வழக்கமான கணக்கு 5 பேட்ச், மொத்தம் 30 துண்டு. அதுவும் ஒரு பண்புக்கு, ஒரு சூழலுக்கு மட்டும். வெயிலுக்கு, ஈரத்துக்கு, குளிருக்கு என்று தனித்தனியாக உடைத்துக்கொண்டே போக வேண்டும்.

ஆகவே இப்போதே முழு உரிமம் எடுக்காதீர்கள். சிறு தொகைக்கு, ஓராண்டுக்கு, "சோதித்துப் பார்க்கும் உரிமை, பிடித்தால் முதலில் எங்களுக்கே" என்று பல்கலைக்கழகத்திடம் எழுதி வாங்குங்கள். உங்கள் ஷெட்டில், உங்கள் ஆட்களை வைத்து மூன்று பேட்ச் போட்டுப் பாருங்கள். நானோ துகள் ரெசினில் திட்டுத் திட்டாகக் கட்டிக்கொள்ளாமல் கலப்பதுதான் இதில் வித்தையே, காப்புரிமைத் தாளில் அது இருக்காது. அதைக் கையால் கலக்கிய மாணவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று பேராசிரியரிடம் கேளுங்கள். வெளிநாடு போய்விட்டார் என்றால் அந்த 5 லட்சத்தை இன்னும் கொஞ்ச நாள் வங்கியிலேயே வைத்திருங்கள்.