வேண்டாம் என்று சொன்ன பிறகு: கேள்வி பதில்

சென்னையில் குடும்பநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். உறவுக்குள் ஒரு பெண் மறுத்துவிட்ட பிறகு வரும் மிரட்டல், சந்தேகம், வன்முறை பற்றி வந்த கேள்விகள் இவை. கேட்டவர்களை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பெரம்பூரிலிருந்து ஒரு தாய்: என் மகளை அண்ணன் மகனுக்குக் கொடுப்பதாகச் சின்ன வயதிலேயே பேச்சு. இப்போது அவள் மறுத்துவிட்டாள். பையன் பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்கிறான். "கடைசியா ஒரு தடவை தனியா பேசணும், அப்புறம் தொந்தரவே பண்ண மாட்டேன்" என்கிறான். "அனுப்பி வை, மனசு ஆறிடும்" என்கிறார் அண்ணன். அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள் அம்மா. கோயிலுக்கும் வேண்டாம், அண்ணன் வீட்டுக்கும் வேண்டாம். "நாங்க பக்கத்து ரூம்லதான் இருப்போம்" என்று சொன்னாலும் வேண்டாம். அவன் பேச வருவது அவள் பதிலை மாற்றத்தான். அது மாறாது என்று அவனுக்கு உறைக்கிற அந்த நிமிடம்தான் பயங்கரமானது. பல கொலைகள் இப்படிக் கூப்பிட்ட இடத்தில்தான் நடந்திருக்கின்றன.

முறை இருக்கிற வீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. "உன் பொண்டாட்டி வர்றா பாரு" என்று ஐந்து வயதிலிருந்தே கேலி பேசி வளர்த்திருப்பார்கள். அவனுக்கு அது பாத்தியதையாகவே பதிந்திருக்கும். அவள் மறுத்தால் தன் சொத்தை யாரோ பிடுங்கிக்கொண்டது போலவும், சொந்தபந்தத்தின் முன் தலைகுனிவு போலவும் தோன்றும். பெரியவர்களும் பையனுக்குப் பரிதாபப்பட்டு, பெண்ணைத் திமிர் பிடித்தவள் என்பார்கள். அவனுக்கு அது போதும், தன் பக்கம்தான் நியாயம் என்று நினைத்துக்கொள்வான்.

நீங்களும் அவள் அப்பாவும் ஒரே ஒரு முறை, ஒரே வரியில் சொல்லுங்கள்: "இந்தச் சம்பந்தம் வேண்டாம், இனி அவளைத் தொடர்பு கொள்ளாதே." "இப்போ படிக்கிறா, பார்க்கலாம்" என்று இழுக்காதீர்கள், இரண்டு வருஷம் காத்திருந்தால் கிடைப்பாள் என்று எடுத்துக்கொள்வான். அதன்பின் எந்த மெசேஜுக்கும் பதில் வேண்டாம், ஆனால் எதையும் அழிக்கவும் வேண்டாம். அவள் போகும் வழியையும் நேரத்தையும் மாற்றுங்கள். 2016 ஜூனில் நுங்கம்பாக்கத்திலும், 2022 அக்டோபரில் பரங்கிமலையிலும் கொல்லப்பட்ட பெண்கள் இருவரும் வேலைக்கும் கல்லூரிக்கும் போக ரயிலுக்காகக் காத்திருந்தவர்கள். கொஞ்ச நாளைக்குத் துணை இல்லாமல் அனுப்பாதீர்கள்.

வேளச்சேரியிலிருந்து ஓர் அண்ணன்: மாமா பெண்ணுக்கு வேறு இடத்தில் நிச்சயமானதிலிருந்து தம்பி சாப்பிடுவதே இல்லை. குடித்துவிட்டு "எனக்கு இல்லன்னா யாருக்கும் இல்ல" என்கிறான். போதையில் சொல்வதுதானே சார்?

போதையில் சொன்னாலும் நிஜம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கே மாமா வீட்டில் சொல்லிவிடுங்கள். தம்பியைக் காட்டிக்கொடுப்பதாக நினைக்க வேண்டாம், அவனையும் நீங்கள் காப்பாற்றுகிறீர்கள். இப்படிப் பேசுகிறவர்களில் சிலர் கொன்றுவிட்டுத் தானும் சாகத் துணிகிறார்கள். அதனால் தனியாக விடாதீர்கள். கத்தி, பூச்சி மருந்து, பெட்ரோல் கைக்கு எட்டக் கூடாது. "நீயெல்லாம் ஆம்பளையா" என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது, முக்கியமாக அப்பா. அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள், கட்டணம் கிடையாது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அங்கே போனால் பைத்தியம் என்பார்கள் என்ற பயத்திலேயே எத்தனையோ வீடுகள் நாளைக் கடத்திவிடுகின்றன.

ஒரு கல்லூரி மாணவி: அத்தை மகனோடு சிரித்துப் பேசிப் பழகினேன். கல்யாணத்துக்கு மறுத்ததும் மிரட்டுகிறான். நான் பழகியதால்தான் இப்படி ஆனதா?

இல்லைம்மா. பழகுவது சம்மதம் ஆகாது.

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு மனைவி: கணவருக்கு எப்போதும் சந்தேகம். போனைப் பார்ப்பார், துணியை மோந்து பார்ப்பார். போன மாதம் கழுத்தைப் பிடித்தார். சத்தியம் பண்ணியும் நம்பவில்லை.

சத்தியம் பண்ணி இது தீராது. ஆதாரம் காட்டக் காட்ட அடுத்த கேள்விதான் வரும். இந்தச் சந்தேகம் நோயாகவும் இருக்கலாம், குடி சேர்ந்தால் முற்றும், மருத்துவம் உண்டு. ஆனால் கழுத்தைப் பிடித்தார் என்கிறீர்களே, முதலில் உங்கள் உயிரைப் பாருங்கள். முன்பு கழுத்து நெரிக்கப்பட்ட பெண்கள் பிறகு அதே ஆளால் கொல்லப்படும் அபாயம் ஏழு மடங்கு என்று 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று சொல்கிறது. கோபத்தில் "நான் போறேன்" என்று அவர் முன்னால் சொல்லிவிட்டுக் கிளம்பாதீர்கள். பிரியும் நேரம்தான் ஆபத்து அதிகம். பெண்கள் உதவி எண் 181-இல் பேசி, தங்கும் இடம் உறுதியான பிறகு, அவர் வீட்டில் இல்லாதபோது குழந்தைகளோடு வெளியேறுங்கள். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம், மீறினால் ஓராண்டு வரை சிறை. ஒரே வீட்டில் வாழ்ந்த மற்ற உறவினர்கள் துன்புறுத்தினாலும் இதே சட்டம் உதவும்.

தாம்பரத்திலிருந்து ஓர் அப்பா: மகள் மறுத்த பிறகும் சொந்தக்காரப் பையன் அவளைப் பின்தொடர்கிறான். போலீசுக்குப் போனால் மானம் போகும் என்கிறார்கள். போனால்தான் என்ன கிடைக்கும்?

பெண்ணைப் பின்தொடர்வது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 78-ஆம் பிரிவில் குற்றம். முதல் முறை மூன்றாண்டு வரை, மறுபடி செய்தால் ஐந்தாண்டு வரை சிறை. சொந்தக்காரன் என்பதற்காகச் சலுகை இல்லை. மகளிர் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது கேட்டு வாங்குங்கள். "இனி வரமாட்டேன்" என்று எழுதி வாங்கியதோடு விஷயம் முடிந்தது என்று திரும்பாதீர்கள். முதல் முறை என்றால் ஜாமீன் எளிதாகக் கிடைத்துவிடும், கோபத்தோடு வெளியே வருவான். ஆகவே புகார் கொடுக்கும் அன்றே மகளை அவனுக்குத் தெரியாத இடத்தில் தங்க வையுங்கள். எந்த வீடு என்பதைச் சொந்தக்காரர்கள் யாருக்கும் சொல்ல வேண்டாம். வாசலுக்கு வந்துவிட்டால் கதவைத் திறக்காமல் அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள்.