ஐந்தாவது கடா விழுந்தும் ஏன் தவறு என்றார்கள்?

ஐந்தாவது கடா விழுந்தும் கணக்கில் வரவில்லை, தோட்டா நிரப்பும் நேரத்தையும் 2 நிமிடத்தில் சேர்த்துவிட்டார்களா என்று கேட்கிறீர்கள். இல்லை, தோட்டா நிரப்பத் தரும் 30 விநாடி உங்கள் 2 நிமிடத்தில் சேராது. ஐ.எச்.எம்.எஸ்.ஏ. (பன்னாட்டுக் கைத்துப்பாக்கி உலோக உருவச் சங்கம்) நடத்தும், விலங்கு, பறவை வடிவ உலோக உருவங்களைச் சுட்டு வீழ்த்தும் போட்டியில், ‘சுடு’ என்ற கட்டளை வந்த பிறகுதான் ஐந்து உருவங்களுக்கான 2 நிமிடம் ஓடத் தொடங்கும். ஆனால் ‘நிறுத்து’ என்றபின் சுட்டு 200 மீட்டர் தொலைவில் நிற்கும் கடா உருவத்தை வீழ்த்தினாலும் அது குறி தவறியதாகத்தான் கணக்கு. அதிகாரியோடு வாதாடிப் பயனில்லை.

ஒற்றைத் தோட்டாக் கைத்துப்பாக்கி என்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் கடா சாய்ந்ததா என்று நீங்களே எட்டிப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது பக்கத்தில் தொலைநோக்கியோடு இருப்பவரின் வேலை. நீங்கள் படுத்த நிலை கலையாமல், அடுத்த தோட்டாவைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

வீட்டில் போலித் தோட்டாக்களை மட்டும் வைத்து, நிறுத்துக்கடிகாரத்தோடு ஐந்து முறை திறந்து, நிரப்பி, குறிபார்த்து, விசையை அழுத்திப் பாருங்கள். ஒரு சுடலுக்குக் கிடைப்பது சராசரி 24 விநாடி. அதில் நிரப்புவதற்கே பாதி போனால் கோளாறு அங்கேதான்.

ஒன்று மட்டும்: நேரம் தீரும்போது துப்பாக்கியின் தோட்டா அறையில் தோட்டா இருந்தால் அவசரப்பட்டுச் சுட வேண்டாம், அதிகாரியிடம் சொல்லிவிட்டு வெளியே எடுங்கள். விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால் உடனே திறக்கக் கூடாது. குழல்வாய் இலக்கை நோக்கியபடியே குறைந்தது 30 விநாடி காத்திருங்கள். அப்படிப் போன நேரத்துக்கு ஈடு உண்டா என்பதைப் போட்டி தொடங்கும் முன்பே அதிகாரியிடம் கேட்டுவிடுங்கள்.