எலுமிச்சை மணத் தைலமரம்: கன்றும் எண்ணெயும் வாங்குமுன்

கேள்வி: எலுமிச்சை மணமுள்ள யூகலிப்டஸ் கன்றை வீட்டருகே நட்டால் கொசு அண்டாது என்று நாற்றங்காலில் கூறுகிறார்கள். இது உண்மையா? கன்றை எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில்: மரம் நிற்பதால் மட்டும் கொசு விலகுவதில்லை. இதன் எண்ணெய் இலையினுள் இருக்கும் நுண்ணிய சுரப்பிகளில் அடைபட்டிருக்கிறது. இலையைக் கசக்கினாலோ, நீராவியில் வடித்தாலோதான் போதிய அளவில் வெளிப்படும். ஆகவே கொசுவுக்காக மட்டும் இந்தக் கன்றை வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

வேறு காரணத்துக்காக வாங்குவதானால், முதலில் பெயர்ச்சீட்டைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட இந்த மரத்துக்கு 1848இல் யூகலிப்டஸ் சிட்ரியோடோரா என்று பெயரிடப்பட்டது. 1995இல் அதைக் கோரிம்பியா என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். இன்றும் இரண்டு பெயர்களிலும் கன்றுகள் விற்கப்படுவதால், ‘சிட்ரியோடோரா’ என்ற பகுதி இருக்கிறதா என்று பார்த்தால் போதும்; இரண்டும் ஒரே மரம்தான்.

அடுத்து இலையைத் தொட்டுப் பாருங்கள். வளர்ந்த மரத்தின் இலை நீண்டு, குறுகி, வழவழப்பாக இருக்கும். இளங்கன்றின் இலையோ மெல்லிய மயிர்கள் படர்ந்து சொரசொரப்பாக இருக்கும். காம்பும் இலையின் விளிம்பில் சேராமல், அடிப்பரப்பில் சற்று உள்ளே தள்ளி ஒட்டியிருக்கும். இதைக் கண்டு வேறு கன்று என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பார்ப்பதும் அவசியம். ஏனெனில் இந்த இனத்திலேயே எலுமிச்சை மணம் குறைந்த மரங்களும் இருக்கின்றன, மணத்துக்காக வாங்குபவருக்கு அவற்றால் பயனில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம் வேர். பையில் நெடுநாள் இருந்த உயரமான கன்று கண்ணுக்கு அழகாகத் தெரியும். ஆனால் அதன் வேர் பைக்குள் வட்டமாகச் சுருண்டிருக்கும். நட்ட பிறகும் அந்தச் சுருள் எளிதில் விரிவதில்லை. மரம் பெருத்த பின் பலத்த காற்றில் சாய்வதற்கு அதுவே காரணமாகலாம். ஓர் அடி உயரத்துக்குள், தண்டு திடமாக, பையின் அடியில் தடித்த வேர் வெளியே வராத கன்றே நல்லது.

நடும் இடத்தில் நல்ல வெயிலும் வடிகாலும் தேவை. நீர் தேங்கும் நிலமும், சுண்ணாம்பு மிகுந்த மண்ணும் ஏற்றவையல்ல. கன்று வேரூன்றும்வரை நீர் பாய்ச்சி, சுற்றிலும் களையெடுத்து வந்தால், அதன்பின் வறட்சியை நன்கு தாங்கும். கடும் உறைபனி மட்டும் இளங்கன்றுகளுக்கு ஆகாது.

ஆனால் இது 25 முதல் 40 மீட்டர் வரை வளரும் மரம். பெரிய கிளைகள் சில சமயம் முன்னறிகுறியின்றி முறிந்து விழும். வீட்டுக்கும் மின்கம்பிக்கும் மரம் எட்டக்கூடிய உயரத்துக்குக் குறையாத இடைவெளி விட முடியாதவர்கள் இதை வாங்காமல் இருப்பதே நலம். இலை மட்டும் போதுமென்றால், தாழ வெட்டிவிட்டுப் புதராகவே வளர்க்கலாம். வெட்டிய அடிமரத்திலிருந்து நன்றாகத் துளிர்க்கும்.

கேள்வி: ‘எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய்’ என்ற பெயரில் பல புட்டிகள் விற்கப்படுகின்றன. கொசுவிரட்டியாகப் பூசிக்கொள்ள எது ஏற்றது?

பதில்: ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கப்படுவதுதான் குழப்பத்துக்குக் காரணம். இலையிலிருந்து வடித்த நறுமண எண்ணெயில் பெரும்பங்கு சிட்ரோனெல்லால் என்ற மணப்பொருள். அது விரைவில் ஆவியாகிவிடுவதால் கொசுவை விரட்டும் ஆற்றல் நீடிப்பதில்லை. அந்த எண்ணெயைப் பதப்படுத்தி, சிட்ரோனெல்லாலைப் பி.எம்.டி. என்ற சேர்மமாக மாற்றியது மற்றொன்று. இது மெதுவாக ஆவியாவதால் சில மணி நேரம் காக்கும். ஆகவே முன்பக்கத்துப் படத்தை விட்டு, பின்பக்கத்து லேபிளில் பி.எம்.டி.யின் விழுக்காடும், பூச்சிவிரட்டியாகப் பதிவு செய்த எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இதைப் பூசக் கூடாது.

சளிக்கு முகர்வதற்காக வாங்குவோர் சிட்ரியோடோரா எண்ணெயை வாங்குவதில் பொருளில்லை. அதற்கு வழக்கமாகப் பயன்படுவது யூகலிப்டஸ் குளோபுலஸ் போன்ற இனங்களின், சினியோல் என்ற மணப்பொருள் நிறைந்த தைலம். எந்தத் தைலமானாலும் உட்கொள்ளக் கூடாது. சிறிதளவு விழுங்கினாலும் குழந்தைகளுக்கு ஆபத்து என்பதால் எட்டாத இடத்தில் வையுங்கள்.

கலப்படத்தை ஓரளவு வீட்டிலேயே அறியலாம். வெள்ளைத் தாளில் ஒரு துளி விட்டு ஒரு நாள் வைத்தால், தூய எண்ணெய் ஏறக்குறைய முழுதும் ஆவியாகிவிடும். எண்ணெய்ப் பிசுக்கு நன்கு தெரியும்படி வட்டமாக எஞ்சினால் சமையல் எண்ணெய் போன்ற ஏதோ கலந்திருக்க வாய்ப்புண்டு. செயற்கை வாசனைப் பொருள் கலந்திருந்தால் இச்சோதனையில் தெரியாது. அதனால் தாவரவியல் பெயரும், தொகுதி எண்ணும், காலாவதித் தேதியும் இல்லாத புட்டியை வாங்காதீர்கள்.

கேள்வி: இதன் மரத்தை வேலிக் கம்பத்துக்கும் மண்வெட்டிப் பிடிக்கும் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். கனமும் உறுதியும் மிக்க மரம். கருவிகளின் பிடிக்கு மிகவும் ஏற்றது. நன்கு உலர்ந்த மரமாகவும், வைரப்பகுதியாகவும் கேட்டு வாங்குங்கள். வெளிப்புறத்து வெளிறிய பகுதியைத் துளைக்கும் வண்டுகள் எளிதில் அரித்துவிடும் என்பதால், கம்பங்களில் அப்பகுதிக்கு மருந்தேற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.