ஸ்டாக்ஹோமில் அரை நாள்தான் இருக்கிறது. நடந்தே எதைப் பார்க்கலாம்?

பழைய நகரமான காம்லா ஸ்தானில் தொடங்குங்கள். முதலில் ஸ்தூர்தொர்யெட் சதுக்கம். 1520இல் டென்மார்க் மன்னர் இரண்டாம் கிறிஸ்டியன் ஸ்வீடன் பிரபுக்களையும் ஆயர்களையும் கொன்று குவித்தது இங்கேதான். வண்ண வீடுகளைப் படமெடுத்துவிட்டு உடனே நகர்ந்துவிடாதீர்கள்.

அங்கிருந்து தெற்கே போகப் பெரும்பாலோர் வெஸ்தெர்லாங்கத்தான் கடைத்தெருவில் நுழைந்து நெரிசலில் சிக்குகிறார்கள். அதற்கு இணையாக மேட்டில் ஓடும் பிரெஸ்த்கத்தான் அமைதியானது. அதன் தென்முனை அருகே மோர்ட்டன் த்ரோட்சிக் சந்து: 36 படிகள், மிகக் குறுகிய இடத்தில் அகலம் வெறும் 90 செ.மீ. எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டியதுதான்.

இறங்கியதும் ஸ்லுசென் சந்திப்பைக் கடந்து சோதெர்மால்ம் தீவின் மேட்டில் ஏறுங்கள். மொன்டேலியுஸ்வேகன் நடைபாதையிலிருந்து மேலாரன் ஏரியும், 106 மீட்டர் கோபுரத்துடன் நகர மண்டபமும் ஒரே பார்வையில் விரியும். டிசம்பரில் மூன்று மணிக்கே இருட்டிவிடும் என்பதால் காலையிலேயே கிளம்புங்கள். கல் பாவிய தெருக்களில் சக்கரப் பெட்டி இழுபடாது. குளிரில் வழுக்கும், நல்ல பிடிப்புள்ள காலணி அவசியம்.