முதல் சம்மர் பார்ட்டிக்கு புதினா காக்டெயில்: ரம்மை ஜக்குல ஊத்தாதீங்க தம்பி

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவை படிச்சேன். வெளிநாடு வந்து மூணு மாசம்தான் ஆகுது, கூட வேலை பாக்கறவங்க வீட்டுத் தோட்டத்துல சனிக்கிழமை மத்தியானம் பார்ட்டி, ஆளுக்கு ஒண்ணு கொண்டு வரணும்னு லிஸ்ட் போட்டு உங்க பேருக்கு நேரா புதினா காக்டெயில்னு எழுதிட்டாங்க, நீங்களோ குடிக்கறதில்ல, ருசி பாக்காம எப்படிப் பண்றது, மாட்டேன்னு சொன்னா தப்பா நினைப்பாங்களான்னு கேட்டிருக்கீங்க. மாட்டேன்னு சொல்ல வேண்டாம், தாராளமா ஒத்துக்கோங்க. ஒரு சொட்டு குடிக்காமயே நீங்க இத முழுசா ருசி பாத்து பண்ணலாம், நான் வந்து பதினாலு வருஷத்துல நிறைய தடவை அப்படித்தான் பண்ணியிருக்கேன்.

அவங்க கேக்கறது பெரும்பாலும் மொஹீட்டோவாத்தான் இருக்கும். கியூபாவுல பொறந்த டிரிங்க், உள்ள அஞ்சே சாமான்தான், வெள்ளை ரம், லைம்ங்கற பச்சை எலுமிச்சை, சர்க்கரை, புதினா, சோடா. உலக பார்டெண்டர் சங்கம் வச்சிருக்கற அளவு ஒரு கிளாஸுக்கு ரம் 45 மில்லி, லைம் ஜூஸ் 20 மில்லி, சர்க்கரை ரெண்டு டீஸ்பூன், புதினா ஆறு கொத்து, மேல சோடா. இதுல ரம்மத் தவிர மிச்சம் நாலையும் நீங்க ருசி பாக்கலாம்ல, அதனால ரம்ம ஜக்குல ஊத்தவே ஊத்தாதீங்க, பாட்டில தனியா பக்கத்துல வைங்க, வேணுங்கறவங்க அவங்கவங்க கிளாஸ்ல ஊத்திக்கட்டும்.

இத நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். எனக்கு வந்த முதல் பார்ட்டிக்கு எல்லாத்தையும் வீட்லயே ஒரே ஜக்குல கலந்து தூக்கிட்டுப் போனேன், போய்ச் சேர்றதுக்குள்ள சோடா கேஸ் போயி புதினா கறுத்துப் போயிருந்துச்சு, அத விட மனசு கஷ்டமானது என்னன்னா அங்க ஒருத்தங்க கர்ப்பமா இருந்தாங்க, ரெண்டு பேரு கார் ஓட்டணும், சின்னப் பசங்க நாலு பேரு, இவங்க யாருக்கும் குடுக்க எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. அந்த வெயில்ல பசங்க வெறும் தண்ணி குடிச்சிட்டு நின்னது இன்னும் கண்ணுக்குள்ள இருக்கு. ரம் தனியா இருந்தா எல்லாருக்கும் ஒரே ஜக்கு போதும், நீங்களும் அதையே குடிக்கலாம், ஏன் குடிக்கலன்னு யாருக்கும் விளக்கம் சொல்லிட்டு நிக்க வேண்டாம்.

சாமான் வாங்கறப்போ முதல்ல புதினா. நாம புதினான்னு ஒரே பேர்ல சொல்றதுல இங்க ரெண்டு ஜாதி விக்கும், ஸ்பியர்மிண்ட், பெப்பர்மிண்ட். உங்களுக்கு வேண்டியது ஸ்பியர்மிண்ட். கியூபாவுல இதுக்குப் போடறதுக்கு யெர்பா புவெனான்னு பேரு, நல்ல மூலிகைன்னு அர்த்தம், அதுவும் ஸ்பியர்மிண்ட்டோட நெருங்கின சொந்தம்தான். பெப்பர்மிண்ட்ல மெந்தால் நிறைய இருக்கறதால டூத்பேஸ்ட் மாதிரி ஏறும், லைம்மோட சேராது. பேர் பாத்துப் புரியலன்னா ஒரு இலைய கசக்கி மோந்து பாருங்க, மூக்குக்குள்ள சில்லுனு குத்துனா வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் அடித்தண்ட லேசா வெட்டிட்டு ஒரு டம்ளர் தண்ணில பூ வைக்கற மாதிரி நிக்க வச்சு, மேல ஒரு பிளாஸ்டிக் கவர லூஸா மூடி ஃபிரிட்ஜ்ல வைங்க, வியாழக்கிழமை வாங்குனது சனிக்கிழமை வரைக்கும் நிமிந்து நிக்கும்.

எலுமிச்சையும் அதே கதைதான், மஞ்சளா பெருசா இருக்கறது லெமன், பச்சையா இருக்கறது லைம், இதுக்கு பச்சை. சோடா வாங்கறப்போ லேபிள நல்லா படிங்க, டானிக் வாட்டரும் அதே அலமாரில அதே மாதிரி பாட்டில்ல இருக்கும், அதுல குவினைன் இருக்கு, மொத்தமும் கசந்துடும். ஐஸ் ஆளுக்கு அரைக் கிலோ கணக்குல வாங்குங்க. கிளாஸ் நிறைய ஐஸ் போட்டா தண்ணியாயிடும்னு தோணும், ஆனா உண்மையில நாலு கட்டி மட்டும் போட்டாதான் சீக்கிரம் கரையும், நிறைய இருந்தா ஒண்ணையொண்ணு குளிரா வச்சுக்கும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி சர்க்கரைப் பாகு மட்டும் பண்ணி வச்சிடுங்க, ஏன்னா குளுந்த ஜூஸ்ல சர்க்கரை லேசுல கரையாது, அடில மணல் மாதிரி நிக்கும். 200 கிராம் சர்க்கரை, 200 மில்லி தண்ணி, சூடு பண்ணி கரைஞ்சதும் அடுப்ப அணைச்சிடுங்க, கம்பிப் பதம் எல்லாம் வேண்டாம். அந்தச் சூட்டுலயே ஒரு கைப்பிடி புதினாவ முக்கி பதினஞ்சு நிமிஷம் மூடி வச்சு வடிகட்டுனீங்கன்னா பாகுக்கே வாசனை வந்துடும். ஆறுனதும் பாட்டில்ல ஊத்தி ஃபிரிட்ஜ்ல வைங்க. லைம்ம சனிக்கிழமை காலைலதான் பிழியணும், முந்தின நாள் பிழிஞ்சா ருசி மங்கிடும்.

எட்டுப் பேருக்கு கணக்கு சொல்றேன். பாகு 160 மில்லி, லைம் ஜூஸ் 160 மில்லி, அதுக்கு ஏழெட்டு பழம் ஆகும், புதினா இலை எழுபது எண்பது. பார்ட்டிக்குப் போன அப்புறம் ஜக்குல இலையும் பாகும் போட்டு மரக்கரண்டியால மெதுவா அஞ்சாறு தடவை அமுக்குங்க, அவ்ளோதான். வாசனை எண்ணெய் இலையோட மேல்பரப்புல சின்னச் சின்னப் பைகள்ல இருக்கு, லேசா அமுக்குனாலே உடைஞ்சு வந்துடும், அதுக்கு மேல இடிச்சா உள்ள இருக்கற பச்சைச் சாறும் சேந்து வந்து கசக்கும். மிக்ஸில அடிக்கலாமான்னு கண்டிப்பா தோணும், வேண்டாம் தம்பி, கசப்போட சேத்து துணுக்கெல்லாம் பல்லுல ஒட்டும். அமுக்குன அப்புறம் லைம் ஜூஸ ஊத்துங்க.

இப்போ ருசி பாருங்க. ஒரு சின்ன கப்புல இந்தக் கலவை ஒரு பங்கு, சோடா மூணு பங்கு, ரெண்டு ஐஸ் போட்டு ஒரு நிமிஷம் விட்டு குடிச்சுப் பாருங்க. கலவைய அப்படியே நக்கிப் பாத்தா புளிப்பும் இனிப்பும் அதிகமாத்தான் தெரியும், அதப் பாத்து பயந்து தண்ணி ஊத்திடாதீங்க. சோடா சேந்து சரியா இருந்தா ரம் சேந்தாலும் சரியா இருக்கும். குடுக்கறப்போ கிளாஸுக்கு 40 மில்லி கலவை, நிறைய ஐஸ், வேணுங்கறவங்களுக்கு ரம், மேல சோடா, அடிலேந்து ஒரே ஒரு கலக்கு. ரம் வேண்டாம்னா கலவைய 50 மில்லியா ஊத்தி சோடாவால நிரப்பிடுங்க. மேல வைக்கற கொத்த ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல ஒரு தட்டு தட்டி வைங்க, குடிக்கறவங்க மூக்குகிட்ட போறப்பவே மணம் தூக்கும்.

ரம் பக்கத்துல ஒரு அளவுக் கப்பு வைக்க மறக்காதீங்க, இது முக்கியம். 40 சதவீத ரம் 45 மில்லின்னா சுத்த ஆல்கஹால் 18 மில்லி, ஏறக்குறைய 14 கிராம், ஒரு சின்ன பீர் அளவு. புதினாவும் லைம்மும் சேந்து அந்தக் காரத்த மறைச்சிடும், வெயிலுக்கு ஜூஸ் மாதிரி இறங்கும், கண்ணால பாத்து ஊத்துனா ரெட்டிப்பு போயிடும். 700 மில்லி பாட்டில் ஒண்ணு பதினஞ்சு கிளாஸுக்கு வரும், ரெண்டாவது வாங்க வேண்டாம்.

இன்னொண்ணு, இத யாரும் எனக்குச் சொல்லல. லைம்ம வெயில்ல உக்காந்து பிழியாதீங்க. அதோட தோல்லயும் சாறுலயும் ஃபியூரோகூமரின்னு ஒரு பொருள் இருக்கு, அது நம்ம கைத்தோல்ல பட்டு மேல வெயில் பட்டா தீக்காயம் மாதிரி ஆயிடும். என் ரெண்டாவது சம்மர்ல தோட்டத்து மேஜைலயே இருபது பழம் பிழிஞ்சேன், அன்னிக்கு ஒண்ணும் தெரியல, ரெண்டு நாள் கழிச்சு ரெண்டு கை விரல்லயும் கொப்புளம், அது ஆறியும் கறுப்புத் திட்டு போக மாசக்கணக்கு ஆச்சு. வீட்டுக்குள்ள பிழிஞ்சு சோப்புப் போட்டு மணிக்கட்டு வரைக்கும் கழுவிட்டு வெளில போங்க, பசங்க லைம் துண்டுல விளையாண்டா அவங்க கையையும் கழுவி விடுங்க.

மிஞ்சுன புதினாத் தண்ட தூக்கிப் போடாதீங்க. கீழ் இலையெல்லாம் கிள்ளிட்டு ஜன்னலோரமா தண்ணில வச்சா ஒரு வாரம் பத்து நாள்ல வேர் விடும், அப்புறம் தொட்டில நட்டுடுங்க, தரையில வேண்டாம், மண்ணுக்கடியில ஓடி பக்கத்துச் செடி இடத்தையெல்லாம் பிடிச்சிடும். அடுத்த பார்ட்டிக்கு புதினா கடைல வாங்க வேண்டியிருக்காது.