பெர்த்துக்குப் போக இரண்டு இன்ஜின் போதுமா?

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: காவடி முடிந்ததும் 76 வயது அம்மாவை பெர்த்தில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அனுப்ப வேண்டும். நேரடி விமானம் ஏ330 நியோ, இரண்டு இன்ஜின்தான். நடுக்கடலில் ஒன்று நின்றால் ஆபத்து, துபாய் வழியாக நாலு இன்ஜின் ஏ380இல் அனுப்புங்கள் என்கிறார் டிக்கெட் ஏஜென்ட். 14,000 ரூபாய் கூடுதல். கொடுக்கலாமா? அம்மாவுக்கு வேறு வியாதி இல்லை, மாடிப்படி ஏறினால் மட்டும் மூச்சு வாங்கும்.

கொடுக்காதீர்கள். நம்ம விமான நிலையம் பிளேசான்ஸில் முப்பது வருஷம் விமானத்துக்கு அடியில் நின்று வேலை பார்த்தவன் சொல்கிறேன். இங்கிருந்து பெர்த் நேராக ஏறக்குறைய 5,900 கிலோமீட்டர், துபாயைச் சுற்றினால் 14,000. அந்தச் சுற்று விமானமும் கடைசியில் இதே இந்தியப் பெருங்கடலைத்தான் தாண்டியாக வேண்டும், இதை ஏஜென்ட் சொன்னாரா?

ஒரு இன்ஜின் நின்றால் விமானம் விழாது. கொஞ்சம் கீழே இறங்கி, வேகம் குறைந்து, மற்ற இன்ஜினில் பறந்து பக்கத்து நிலையத்தில் இறங்கும். அப்படி எத்தனை நிமிடத்தில் ஒரு நிலையத்தை எட்ட வேண்டும் என்பதற்குத்தான் ஈடாப்ஸ் என்ற விதி. ஒரு காலத்தில் 60 நிமிடம், 1985இல் 120, ஏ330 நியோவுக்கு 2019இல் ஐரோப்பாவில் கிடைத்த அனுமதி 285 நிமிடம் வரை. பெர்த் பாதையில் நட்டநடுவில் நின்றாலும் இரண்டு பக்கமும் சுமார் நாலு மணி நேரம்தான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்ஜின் எண்ணிக்கை காப்பாற்றும் என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் 1983 மே மாதக் கதையைச் சொல்வேன். மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளின் தலைநகர் நசாவுக்குப் போன ஒரு டிரைஸ்டார், மூன்று இன்ஜின். முந்தைய இரவு பராமரிப்பில் எண்ணெயைச் சோதிக்கும் சின்ன உறுப்பை மாற்றியவர்கள், மோதிரம் மாதிரி இருக்குமே அந்த ரப்பர் வளையம், அதைப் போடாமல் மூன்றிலும் மாட்டிவிட்டார்கள். மூன்றிலும் எண்ணெய் ஒழுகிவிட்டது. முதலில் அணைத்து வைத்த இன்ஜினையே மறுபடி கிளப்பித்தான் தரையிறங்கினார்கள். ஈடாப்ஸ் விமானத்தில் ஒரே மெக்கானிக் ஒரே நேரத்தில் இரண்டு இன்ஜினிலும் ஒரே வேலையைச் செய்யக் கூடாது என்று வைத்திருப்பது இப்படிப்பட்ட தவறைத் தடுக்கத்தான். ஷிப்டில் ஆள் குறைவு என்று மேலதிகாரிகள் முனகுவார்கள், முனகட்டும்.

ஏ380 நல்ல விமானம்தான். ஆனால் 251 விமானங்களோடு 2021இல் அதன் உற்பத்தி முடிந்துவிட்டது, நாலு இன்ஜினுக்கு எரிபொருள் ஊற்றிக் கட்டுப்படியாகவில்லை. அப்புறம், டிக்கெட்டில் எந்த வகை எழுதியிருந்தாலும் கம்பெனி கடைசி நாளில் விமானத்தை மாற்றலாம், ஏஜென்ட் கைகாட்டிவிட்டுப் போய்விடுவார். இவர்களில் சிலர் மலிவாகக் காட்ட இரண்டு தனித்தனி டிக்கெட்டை ஒட்டி விற்கிறார்கள். காவடி முடிந்த சமயம் சைக்ளோன் காலம். பிளேசான்ஸ் ஒரு நாள் மூடினால் முதல் டிக்கெட்டுக்கு மாற்று கிடைக்கும், இரண்டாவது கம்பெனிக்கு உங்கள் அம்மா வராத பயணி, பணம் போச்சு. டிக்கெட் எண் ஒன்றா இரண்டா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சரி, விமான வகை உண்மையிலேயே முக்கியமாகும் ஒரே இடம் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த மூச்சு. உள்ளே இருக்கும் காற்று தரையில் உள்ளது மாதிரி இருக்காது, மலை உச்சிக் காற்று மாதிரி மெலிந்திருக்கும். அலுமினிய உடல் விமானங்களில் 8,000 அடி உயரத்துக் காற்று வரை போகலாம், ஏ350, 787 போன்ற கரிநார் (கார்பன் ஃபைபர்) உடலில் 6,000 அடி அளவில் நிற்கும். நமக்குத் தெரியாது, நுரையீரல் பலவீனமானவருக்குத் தெரியும். உங்கள் ஏ330 நியோ அலுமினியம். அதனால் முதலில் மார்பு டாக்டரிடம் காட்டி விமானத்தில் போகலாமா, ஆக்சிஜன் வேண்டுமா என்று கேளுங்கள். வீட்டு சிலிண்டரை உள்ளே விட மாட்டார்கள். பேட்டரியில் ஓடும் சின்ன ஆக்சிஜன் கருவிக்கு முன்கூட்டியே அனுமதி வேண்டும். மருத்துவப் படிவத்தை ஏஜென்ட் மூலம் அனுப்பாமல் நேராகக் கம்பெனியிடமே கொடுங்கள். என் அக்காவுக்காக ஒரே படிவத்தை ஒரு கம்பெனி மூன்று முறை கேட்டது, மூன்றாவது முறை கவுன்ட்டரில், பெட்டி போன பிறகு. டாக்டர் கையெழுத்துப் போட்ட பக்கத்தின் நகல் அம்மாவின் கைப்பையில் இருக்கட்டும்.