மூன்று அனுமதிக் கடிதங்களும் ஒரு நுண்கணிதப் பாடமும்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். குடும்பமாகக் கனடாவுக்கு வந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன. பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கப்போகும் மகளுக்கு மூன்று இடங்களிலிருந்து அனுமதி வந்திருக்கிறது: ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபறோ வளாகத்தில் உயிர் விஞ்ஞானம், ஹமில்டனில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உயிர் விஞ்ஞானம், யோர்க் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம். எதை ஏற்பது, முதலாம் ஆண்டில் எந்தெந்தப் பாடங்களைச் சேர்த்து எடுப்பது, மருத்துவம், கணினி என்ற இரண்டு வழிகளையும் மூடாமல் வைத்திருக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இங்கே மாணவியாகவும் படித்தேன், பிறகு இரண்டு பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியும் இருக்கிறேன். ஆகவே எனக்குத் தெரிந்ததை ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறேன்.

முதலில், ஊரிலிருந்து நாங்கள் கொண்டுவரும் ஒரு எண்ணத்தை விட்டுவிட வேண்டும். இலங்கையில் உயர்தரத்தில் உயிரியல் பிரிவா, கணிதப் பிரிவா என்று எடுத்த முடிவும், அதன் பிறகு பாடங்களுக்கிடையே ஒப்பிட்டுக் கணிக்கும் இசட் புள்ளியும், ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனியாக வைக்கும் வெட்டுப்புள்ளியும் சேர்ந்து பிள்ளையின் துறையைத் தீர்மானித்துவிடுகின்றன. மருத்துவ பீடத்துக்குத் தெரிவானால் அவர் மருத்துவ மாணவர், அதற்குப் பிறகு தெரிவுசெய்ய அதிகம் எதுவும் இல்லை. இங்கே ஒன்ராறியோ மாகாணத்தில் பல பீடங்களில் தெரிவு இரண்டு தடவை நடக்கிறது. இப்போது உங்கள் கையில் இருப்பது முதலாவது தெரிவின் முடிவு. இரண்டாவது தெரிவு முதலாம் ஆண்டின் இறுதியில் நடக்கும். அதை நடத்துவது மகள் எடுத்த பாடங்களும் அவற்றில் பெற்ற புள்ளிகளும்தான். பெற்றோர் பெரும்பாலும் முதலாவதைக் கொண்டாடிவிட்டு இரண்டாவதைப் பற்றிக் கேள்விப்படாமலே இருந்துவிடுகிறோம்.

ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே படிப்பின் அளவைக் கிரெடிட் என்ற அலகில் கணக்கிடுகிறார்கள்; கலை, விஞ்ஞானப் பட்டம் ஒன்றுக்கு 20 கிரெடிட் வேண்டும். முழுநேர மாணவர் ஆண்டுக்கு 5 கிரெடிட், அதாவது அரைக் கிரெடிட் பெறுமதியுள்ள பத்துப் பாடங்கள், எடுப்பது வழக்கம். 4 கிரெடிட் முடிந்த பிறகுதான் மாணவர் தன் துறையைப் பதிவுசெய்கிறார்: ஒரு ஸ்பெஷலிஸ்ட் (ஒரே துறையில் ஆழமான படிப்பு), அல்லது இரண்டு மேஜர் (முதன்மைத் துறை), அல்லது ஒரு மேஜரும் இரண்டு மைனரும் (சிறு துறை). சில துறைகள் குறித்த முதலாம் ஆண்டுப் பாடங்களை முடித்த எவரையும் எடுத்துக்கொள்ளும். சில துறைகள் அந்தப் பாடங்களின் புள்ளிகளை வரிசைப்படுத்தி, இடம் இருக்கும் வரைக்கும்தான் எடுக்கும். மக்மாஸ்டரிலும் இதே போக்குத்தான்: உயிர் விஞ்ஞானத்தின் முதலாம் ஆண்டு ஒரு பொது வாசல், அதன் முடிவில் உயிரியல், உயிர்இரசாயனவியல் போன்ற இரண்டாம் ஆண்டுத் துறைகளுக்கு விண்ணப்பிக்க வேண்டும், போட்டியும் உண்டு. ஆகவே மகளுடன் இருந்து பார்க்க வேண்டியது இரண்டாம் ஆண்டுத் துறைகளின் பட்டியலைத்தான். அவளுக்குப் பிடித்த இரண்டு மூன்று துறைகளைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றும் முதலாம் ஆண்டில் என்ன கேட்கிறது என்று பின்னோக்கி எழுதிவரச் சொல்லுங்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். 1998 இல் நான் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது நுண்கணிதத்தில் இரண்டு பாடங்கள் இருந்தன. ஒன்று உயிரியல் மாணவர்களுக்கானது, மற்றது கணிதத்தை ஆழமாகத் தொடர்பவர்களுக்கானது. இலகுவானதை எடுத்தால் நல்ல புள்ளி வரும் என்று எனக்கு முன்னே படித்த ஒருவர் சொன்னார், எடுத்தேன், நல்ல புள்ளியும் வந்தது. இரண்டாம் ஆண்டில் புள்ளிவிபரவியல் எனக்கு மிகவும் பிடித்துப்போய், அதற்கே மாறிவிடலாம் என்று துறை அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண்மணி பாடத்திட்டப் புத்தகத்தை என் பக்கம் திருப்பி, ஒரு வரியின் கீழே அடிமட்டத்தை வைத்துக் காட்டினார். நான் எடுத்த நுண்கணிதம் அந்தத் துறைக்கு ஏற்கப்படாது என்பது அந்த வரி. முதல் நாளிலிருந்தே என் பையில் இருந்த அதே புத்தகம். அந்தப் பக்கத்தை நான் புரட்டியதே இல்லை. அப்பா இரவு வேலை செய்து கட்டிய காசில், ஒரு கோடைகாலம் முழுவதும் இருந்து மற்றைய நுண்கணிதத்தைப் படித்தேன். பட்டமும் ஓர் ஆண்டு பிந்தியது.

அந்த நிலை இன்றும் மாறவில்லை. ஸ்காபறோ வளாகத்தில் இப்போது உயிர் விஞ்ஞானத்துக்கான நுண்கணிதத்தின் பாடக் குறியீடு மாட் ஏ29, பௌதிக விஞ்ஞானங்களுக்கானது மாட் ஏ30, கணித விஞ்ஞானங்களுக்கானது மாட் ஏ31. பெயரில் மூன்றும் நுண்கணிதம்தான். ஆனால் கணினி விஞ்ஞானத்துக்கு 31 உம் அதைத் தொடரும் 37 உம் வேண்டும். 29 ஐ எடுத்த பிள்ளை அந்தப் பக்கம் போக முடியாது. கணினி நிரல் எழுதும் பாடங்களிலும் இப்படியே: கணினி விஞ்ஞான மாணவர்கள் எடுப்பது ஒன்று, பிற துறையினர் அறிமுகத்துக்காக எடுப்பது வேறொன்று. பொதுவாகக் கடினமான பாடம் இலகுவானதின் இடத்தில் ஏற்கப்படும், இலகுவானது கடினமானதின் இடத்தில் ஏற்கப்படாது. என்றாலும் பொதுவிதியை நம்பிப் பதிவுசெய்யக் கூடாது; பாடத்தின் விபரத்துக்குக் கீழே இருக்கும் மூன்று குறிப்புகளையும் ஒவ்வொரு தடவையும் வாசிக்க வேண்டும். முன்தேவை என்பது முதலே முடித்திருக்க வேண்டிய பாடம், இணைத்தேவை என்பது கூடவே எடுக்க வேண்டிய பாடம், விலக்கு என்பது இதை எடுத்தால் கணக்கில் வராமல் போகும் பாடம்.

இனி உங்கள் மூன்று கடிதங்களுக்கு வருகிறேன். மகளுக்கு உண்மையில் கணினியில்தான் மனம் என்றால் யோர்க்கை ஏற்றுக்கொள்ளுங்கள். உயிர் விஞ்ஞானத்துக்குள் போய் அங்கிருந்து கணினிக்குத் தாவலாம் என்று பலர் சொல்வார்கள். நான் அதை ஒரு வழியாகவே கணக்கில் எடுக்கமாட்டேன். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானத்தின் இடங்கள் பெரும்பாலும் அத்துறைக்கென்று நேரடியாக அனுமதி பெற்றவர்களுக்கே போகின்றன, வெளியிலிருந்து வருபவர்களுக்கு நுழைவது மிகக் கடினம். மூன்று கடிதங்களில் கணினிக்கு அனுமதி தருவது ஒன்றுதான். மற்ற இரண்டு இடங்களின் பெயர் பெரிதாகத் தெரிகிறது என்பதற்காக அதைக் கைவிடக் கூடாது. மாறாக, உயிரியலில்தான் அவளுக்கு ஆர்வம், கணினியைச் சொல்வது வேலைவாய்ப்பை நினைத்து நீங்கள்தான் என்றால், தயவுசெய்து அவளை யோர்க்குக்குத் தள்ளாதீர்கள். உயிரியல் படிக்கும் பிள்ளை நிரலாக்கத்தையும் புள்ளிவிபரவியலையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம், அதற்கு இப்போது நல்ல மதிப்பும் இருக்கிறது.

மருத்துவத்தைப் பற்றி. இங்கே பள்ளிக்கூடத்திலிருந்து நேரே மருத்துவ பீடத்துக்குப் போவதில்லை. பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் படித்த பிறகுதான் விண்ணப்பிக்க முடியும். எந்தத் துறையில் படித்தாலும் விண்ணப்பிக்கலாம். மக்மாஸ்டர் மருத்துவ பீடம் குறிப்பிட்ட பாடங்களை முன்தேவையாகக் கேட்பதே இல்லை. ஆகவே உயிர் விஞ்ஞானம் என்ற பெயர் அவளை மருத்துவத்துக்கு அருகில் கொண்டுபோகிறது என்று எண்ண வேண்டாம். அருகில் கொண்டுபோவது புள்ளிச் சராசரிதான், அது முதலாம் ஆண்டிலிருந்தே எழுதப்படத் தொடங்குகிறது. எம்கேட் என்ற மருத்துவ பீட நுழைவுத் தேர்வில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகியவற்றோடு 2015 இலிருந்து உளவியலும் சமூகவியலும் ஒரு பகுதியாக இருக்கின்றன. எனவே முதலாம் ஆண்டில் உளவியலை எடுப்பதை வீண் என்று தடுக்காதீர்கள்.

அந்த ஆண்டில் நீங்கள் அதிகம் கவனிக்க வேண்டியது சுமை. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல், நுண்கணிதம், உளவியல் என்று ஐந்தையும் முதல் பருவத்திலேயே எடுப்பது உயிர் விஞ்ஞான மாணவர்களின் வழமை. தாளில் பார்த்தால் ஐந்து பாடம்தானே என்றிருக்கும். ஆனால் ஆய்வுகூடம் உள்ள பாடம் ஒவ்வொன்றுக்கும் விரிவுரைக்கு வெளியே ஆய்வுகூட வகுப்பு உண்டு, அதற்கு முன்னாயத்தம் உண்டு, பிறகு அறிக்கை உண்டு. மூன்று ஆய்வுகூடங்கள் ஒரே பருவத்தில் விழுந்தால் வாரத்தின் மாலை நேரங்கள் அவற்றோடு போய்விடும். ஆங்கிலத்தில் கல்வி கற்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகளான பிள்ளைக்கு அறிக்கை எழுதுவது மற்றவர்களைவிட நேரம் எடுக்கும். அது திறமைக் குறைவு இல்லை, பழக்கம் வர வேண்டும். நான் என்றால் பௌதிகவியலை இரண்டாம் பருவத்துக்கோ கோடைக்கோ தள்ளிவைப்பேன். அவள் விரும்பும் துறை அதைக் கட்டாயம் கேட்கிறதா, அப்படித் தள்ளினால் அடுத்த பாடங்களின் வரிசை குழம்புமா என்பதை மட்டும் முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு பாடத்தையாவது அவளுடைய சொந்த விருப்பத்துக்கு விடுங்கள். ஸ்காபறோவில் பட்டம் பெற ஐந்து அறிவுப் பரப்புகளில் ஒவ்வொன்றிலும் குறைந்தது அரைக் கிரெடிட் எடுத்தாக வேண்டும். வரலாறு, இலக்கியம், மெய்யியல் போன்றவையும் அதில் அடங்கும். ஆகவே அந்த ஒரு பாடம் எந்த வகையிலும் வீண்போகாது. தமிழ் மொழிப் பாடம் எடுத்தால் இலகுவாகப் புள்ளி வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மொழித் துறைகளின் தொடக்கநிலை வகுப்புகள் அந்த மொழியை அறியாதவர்களுக்கானவை.

கடிதங்களின் நிபந்தனைப் பகுதிக்கு இப்போதே ஒரு மாலையை ஒதுக்குங்கள். வந்திருப்பது நிபந்தனையுடனான அனுமதி. பன்னிரண்டாம் வகுப்பின் யு (பல்கலைக்கழகத்துக்கானவை) அல்லது எம் (பல்கலைக்கழகம், கல்லூரி இரண்டுக்குமானவை) தரப் பாடங்கள் ஆறின் இறுதிச் சராசரி அவர்கள் குறித்த அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது, ஆங்கிலமும் குறித்த முன்தேவைப் பாடங்களும் அந்த ஆறில் இருக்க வேண்டும், உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழுக்கான 30 கிரெடிட்டும் 40 மணிநேரச் சமூகசேவையும் முடிந்திருக்க வேண்டும். அந்த 40 மணிநேரம், இடையில் வந்து சேர்ந்த பிள்ளைகளுக்குக் கடைசி நேரத்தில்தான் நினைவுக்கு வருகிறது. பள்ளி வழிகாட்டல் ஆசிரியரிடம் இந்த வாரமே கேட்டுக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமானது ஆங்கிலத் தகைமை. ஆங்கிலமொழிப் பள்ளியில் குறித்த ஆண்டுகள் படிக்காதவர்கள் ஐஎல்ட்ஸ் போன்ற ஒரு தேர்வின் பெறுபேற்றைக் காட்ட வேண்டும். எத்தனை ஆண்டு என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும், உங்கள் மகள் படித்தது இரண்டே ஆண்டுகள் என்பதால் மூன்று கடிதங்களிலும் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

பதில் சொல்ல அவசரப்பட வேண்டியதில்லை. ஒன்ராறியோப் பல்கலைக்கழகங்களின் பொது விண்ணப்ப நிலையத்தின் ஏற்பாட்டின்படி ஜூன் மாதத் தொடக்கத்தை ஒட்டிய பொதுத் திகதிக்கு முன்னர் முடிவு சொல்லும்படி எந்தப் பல்கலைக்கழகமும் கட்டாயப்படுத்துவதில்லை. உங்கள் கடிதங்களில் உள்ள திகதியை நாட்காட்டியில் குறித்துவைத்தால் போதும். ஒரு நேரத்தில் ஓர் அனுமதியைத்தான் ஏற்க முடியும். பிறகு மனம் மாறி இன்னொன்றை ஏற்றால் முன்னையது இல்லாமல் போய்விடும்.

ஸ்காபறோவா மக்மாஸ்டரா என்பதில் என் மனம் ஸ்காபறோவின் பக்கம் சாய்கிறது, நீங்கள் ஸ்காபறோவிலேயே இருப்பதால். ஹமில்டனில் தங்கிப் படிக்கும் செலவு படிப்புக் கட்டணத்தின் மேல் இன்னொரு கட்டணம் போன்றது, நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கு ஓசாப் என்ற ஒன்ராறியோ அரசின் மாணவர் நிதியுதவி கிடைத்தாலும் அதில் ஒரு பகுதி திருப்பிக் கட்ட வேண்டிய கடன். ஸ்காபறோ வளாகத்தில் கோ-ஒப் முறையில், இடையிடையே சம்பளத்துடன் வேலைப் பயிற்சி பெற்றுக்கொண்டு படிக்கும் வாய்ப்பும் நிறைய உண்டு. ஆனால் மக்மாஸ்டரின் இரண்டாம் ஆண்டுப் பட்டியலில் ஸ்காபறோவில் கிடைக்காத, அவள் மனம் பதிந்த ஒரு துறை இருக்குமென்றால் என் எண்ணத்தை ஒதுக்கிவிட்டு அவளை அனுப்புங்கள். வீட்டிலிருந்து படிப்பதென்றால் வீட்டு வேலைகளும், அலுவலகக் கடிதங்களை மொழிபெயர்க்கும் வேலையும் அவள் தலையில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வந்து இரண்டு ஆண்டுகளான குடும்பத்தில் அந்த வேலை மூத்த பிள்ளைக்குத்தான் போகும் என்று எனக்குத் தெரியும், எங்கள் வீட்டில் அது என்னிடம்தான் இருந்தது.

கோடையில் பாடப் பதிவு தொடங்கும்போது விருப்பமான வகுப்பு நிரம்பிவிட்டால் காத்திருப்புப் பட்டியலில் பெயரைப் போடலாம், செப்டெம்பர் முதல் வாரங்களில் பலர் விலகுவார்கள். ஏதாவது ஒரு பாடம் கைமீறிப் போகிறது என்றால், தண்டனையில்லாமல் விலகுவதற்கு முதல் பருவத்தில் நவம்பர் வரை நேரம் உண்டு. அந்தத் திகதியை மகளுக்கு மட்டுமல்ல, நீங்களும் தெரிந்துவைத்திருங்கள். ஒக்டோபர் பரீட்சையில் 48 புள்ளி வந்ததை வீட்டில் சொல்லப் பயந்து திகதியைத் தவறவிட்ட பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

மூன்று துறைகளின் முதலாம் ஆண்டுத் தேவைகளையும் ஒரு தாளில் எழுதிவிட்டால் அனுப்புங்கள், நுண்கணிதத்தில் எது என்பதை அவளோடு சேர்ந்து பார்ப்போம்.